சக்கர நாற்காலிக்கு எவ்வளவு கொடுப்பது?

கேள்வி: லண்டன் எட்ஜ்வேரில் நான்கு வருடமாக இருக்கிறோம். சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். போன மாதம் என் கணவர் மாடிப்படியில் சறுக்கி விழுந்து கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு. எதிர்வீட்டு யூத அம்மா மறுநாளே ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் வாங்கியதாம். 50 பவுண்டு முன்பணம் கட்டினோம், அதுவும் திரும்பக் கிடைக்குமாம். நாங்கள் சைவம் என்று கேட்டுக்கொண்டு, மூன்று வெள்ளிக்கிழமையும் காய்கறி சூப்பும் ரொட்டியும் அலுமினியத் தட்டில் கொண்டுவந்து கொடுத்தார். பாத்திரமாக இருந்தால் ஏதாவது போட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பேன். கேசரி செய்து கொண்டுபோனேன். சிரித்த முகமாக வாங்கிக்கொண்டார், ஆனால் சாப்பிட்ட மாதிரி தெரியவில்லை. போன சனிக்கிழமை உறையில் 100 பவுண்டு வைத்து நீட்டினேன். கையைக்கூட நீட்டவில்லை. "நாம என்ன தர்மம் வாங்குற நிலையிலயா இருக்கோம்?" என்று கணவருக்குக் கோபம். "சும்மா யாரும் செய்ய மாட்டாங்க, மதம் மாத்தப் பாக்குறாங்களோ என்னவோ" என்று ஊரிலிருந்து அத்தை. எவ்வளவு கொடுத்தால் சரியாக இருக்கும்? குளிக்கும்போது உட்கார 30 பவுண்டுக்கு ஒரு ஸ்டூல் வேறு வாங்கினோம், அது இனி வீண்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்த உறை. நீங்கள் போனது சனிக்கிழமை. வெள்ளி மாலை பொழுது சாய்வதில் தொடங்கி, சனி இரவு நட்சத்திரம் தெரியும்வரை அவர்களுக்கு ஓய்வுநாள். அந்த நேரத்தில் பணத்தைக் கையால் தொட மாட்டார்கள். தன் வீட்டு மேசையில் கிடக்கும் சில்லறையைக்கூட எடுத்து வைக்க மாட்டார்கள். கையை நீட்டாதது கோபத்தால் இல்லை, கிழமையால். கேசரிக்கும் இப்படி ஒரு காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன். ஆனால் நீங்கள் திங்கட்கிழமை போயிருந்தாலும் அவர் வாங்கியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

இருபத்திரண்டு வருடமாக இந்த ஊர் மருத்துவமனைகளில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் முன் வாசலில் படி எத்தனை, குளியலறை எந்த மாடியில், யார் சமைப்பார்கள் என்று கேட்டு எழுதுவது என் வேலை. வடக்கு லண்டன் யூதக் குடும்பங்களிடம் கடைசிக் கேள்வியைக் கேட்டால் ஒருவிதமாகப் பார்ப்பார்கள். "தெருவில்தான் ஆட்கள் இருக்கிறார்களே" என்பார்கள்.

சிவகங்கைப் பக்கம் என்கிறீர்கள், மொய் நோட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யார் விசேஷத்துக்கு யார் எவ்வளவு எழுதினார்கள் என்று அதில் இருக்கும். முறை வரும்போது கொஞ்சம் கூட்டித் திருப்பி எழுத வேண்டும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை, எத்தனையோ பெண்களின் கல்யாணம் அந்த நோட்டை நம்பி நடந்திருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் இருக்கிற 'எவ்வளவு' அந்த நோட்டிலிருந்து வந்தது. எதிர்வீட்டம்மாவிடம் அந்த நோட்டே கிடையாது.

அவர்கள் மரபில் எவ்வளவு என்பதற்கு இரண்டு அளவுகோல்தான். ஒன்று, கொடுப்பவரின் வருமானம். பத்தில் ஒரு பங்கு என்பது வழக்கம். தாராள மனசுக்காரர்கள் ஐந்தில் ஒன்றுவரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம் என்று கலிலேயாவில் உஷா என்ற ஊரில் கூடிய அறிஞர்கள் சுமார் 1,900 வருடங்களுக்கு முன்பே வரம்பு கட்டினார்கள். அள்ளிக் கொடுத்துவிட்டு இவனே நாளைக்குக் கையேந்தக் கூடாது என்ற முன்யோசனை. இன்னொரு அளவுகோல், வாங்குபவரின் தேவை. உபாகமம் 15ஆம் அதிகாரம், அவனுக்கு எது குறைகிறதோ அதற்குப் போதுமானதைக் கொடு என்கிறது. அந்த 'எது' என்பதை வைத்து அவர்கள் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதற்கு, அவர்களுடைய பழைய சட்டமும் கதைகளும் அடங்கிய தால்முது என்ற நூலில் ஒரு கதை. நல்ல குடும்பத்தில் பிறந்து நொடித்துப்போன ஒருவருக்கு ஹில்லெல் என்ற பெரியவர் குதிரை வாங்கிக் கொடுத்தார். பழைய வழக்கப்படி முன்னால் ஓட ஓர் ஆளும் ஏற்பாடு செய்தார். ஒருநாள் ஓட ஆள் கிடைக்கவில்லை. ஹில்லெலே மூன்று மைல் அந்தக் குதிரைக்கு முன்னால் ஓடினாராம். இது கொஞ்சம் அதிகம்தான் என்று எனக்கும் தோன்றும். ஆனால் கணக்கு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள்.

'எனக்கு அவர் இவ்வளவு செய்தார், அதனால் நான் இவ்வளவு' என்ற மூன்றாவது அளவுகோல் இதில் இல்லை. உங்கள் 100 பவுண்டு அவருக்கு எந்தப் பக்கத்தில் எழுதுவதென்று தெரியாத வரவு.

சொல்லிலேயே இது இருக்கிறது. எபிரேயத்தில் கொடைக்குச் செடாக்கா என்று பெயர். நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் சதகா என்று கேட்டிருப்பீர்களே, அதற்கு இது உடன்பிறப்பு. வேர்ச்சொல்லுக்கு நியாயம் என்று பொருள். இரக்கப்பட்டுக் கொடுப்பது என்ற அர்த்தம் அதில் கிடையாது. பழைய சட்டத்தில் வயலின் ஓரத்தை அறுக்காமல் விட வேண்டும், அறுக்கும்போது சிந்திய கதிரைப் பொறுக்கக் கூடாது, மறந்து விட்டுவந்த கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது. அதெல்லாம் ஏழைக்கு உரியது, வயல்காரர் எடுத்துக் கொடுப்பதுகூட இல்லை. வாங்குபவரும் இதிலிருந்து விலக்கில்லை. தர்மத்தில் சாப்பிடுபவரும் தன் பங்குக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அரசு உதவித்தொகையில் வாழும் ஒரு மூதாட்டி வீட்டுக்கு ஒரு வெள்ளி மதியம் போயிருந்தேன். மெழுகுவர்த்தி ஏற்றும் முன், ஜன்னல் மேடையில் இருந்த தகர உண்டியலில் இரண்டு காசு போட்டார். இத்திஷ் மொழியில் அதற்குப் புஷ்கே என்று பெயர். ஹீட்டர் போட யோசிக்கிற அம்மா அவர். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "இது என் காசு இல்லை" என்றார். அடக்கத்துக்குச் சொல்கிறார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

சரி, உங்கள் கணவரின் கோபத்துக்கு வருவோம். தர்மம் வாங்கும் நிலையில் இருக்கிறோமா என்று கேட்டிருக்கிறார். உங்களுக்கு வந்தது தர்மமே இல்லை. அதற்கு அவர்களிடம் தனிப் பெயர் இருக்கிறது: கெமிலுத் ஹசாதிம், அன்பின் செயல்கள் என்று சொல்லலாம். மூன்று விதத்தில் இது செடாக்காவைவிடப் பெரியது என்கிறது தால்முது. செடாக்கா காசால் செய்வது, இது காசாலும் உடம்பாலும் செய்வது. செடாக்கா ஏழைக்கு, இது ஏழைக்கும் பணக்காரருக்கும். செடாக்கா உயிரோடு இருப்பவருக்கு, இது இறந்தவருக்கும் சேர்த்து. கால் உடைந்தவர் சம்பளம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் கணவர் வங்கி மேலாளராகவே இருந்தாலும் அந்த நாற்காலி வந்திருக்கும்.

அந்தப் பெயரின் சுருக்கம்தான் கெமாக். உங்களுக்கு நாற்காலி கொடுத்த வீடு அநேகமாக அதுதான். முதலில் இது வட்டியில்லாக் கடன் கொடுக்கும் நிதி. வட்டி வாங்கக் கூடாது என்பது வேதக் கட்டளை. நியூயார்க்கில் 1892இல் தொடங்கிய எபிரேயக் கடன் சங்கம் இன்றும் வட்டியில்லாமல் கடன் கொடுத்துவருகிறது. பிறகு பணத்தோடு பொருளும் சேர்ந்துகொண்டது. கல்யாண உடுப்பு, தொட்டில், மடக்கு நாற்காலி, விருந்து மேசை விரிப்பு, தாய்ப்பால் எடுக்கும் கருவி என்று வீட்டுக்கு வீடு ஒரு சரக்கு. நோயாளி ஒருவரின் மகனோடு அப்படி ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறேன். கார் நிற்க வேண்டிய கொட்டகையில் ஊன்றுகோல்கள் உயர வாரியாக ஆணியில் தொங்கின. கதவோரம் நூலில் கட்டிய பென்சிலோடு ஒரு நோட்டு. பெயர், போன், என்ன எடுத்தீர்கள், தேதி, இவ்வளவுதான் கட்டம். 'எதற்கு' என்று ஒரு கட்டம் இல்லை. வீட்டம்மா சமையலறையிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை, "மேலே இருக்கிறதை எடுங்கள், அதில்தான் பிரேக் நன்றாக இருக்கும்" என்று குரல் மட்டும் வந்தது. ஜெருசலேமில் ஒரு பள்ளி ஆசிரியர் தன் குழந்தைக்கு ஆவி பிடிக்கும் கருவியைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய அனுபவத்தில், 1976இல் இதே வேலையைத் தொடங்கினார். யாத் சாரா என்ற அந்த அமைப்பு இன்று இஸ்ரேல் முழுக்க மருத்துவக் கருவிகளை இரவல் கொடுக்கிறது. அந்த ஆசிரியர், ஊரி லூபோலியான்ஸ்கி, 2003இல் நகர மேயரே ஆகிவிட்டார்.

தர்மம் செய்பவரைவிடக் கடன் கொடுப்பவர் பெரியவர் என்று அவர்களிடம் ஒரு வாக்கு உண்டு. கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்பவர் எப்படிப் பெரியவர் ஆவார் என்று தோன்றும். இரவல் வாங்கியவர் தலை குனிய வேண்டாம், நாளைக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடலாம் அல்லவா, அதனால். பன்னிரண்டாம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடெஸ் கொடையை எட்டுப் படியாக அடுக்கினார். அடிப்படியில் இருப்பவர் முகம் சுளித்துக் கொடுப்பவர். உச்சிப்படியில் இருப்பவர் கடனோ வேலையோ கொடுத்து, கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு, இனி யாரிடமும் கேட்க வேண்டாத நிலைக்கு ஒருவரைத் தூக்கி நிறுத்துபவர். இடையில் இருக்கும் படிகளைத் தீர்மானிப்பதில் பாதி, யாருக்கு யார் முகம் தெரிகிறது என்ற கேள்விதான்.

உங்கள் அலுமினியத் தட்டு இங்கேதான் வருகிறது. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம், உங்கள் சங்கடம் எனக்குப் புரிகிறது. அந்த அம்மா பாத்திரமே இல்லாமல் செய்துவிட்டார். கோஷர், அதாவது யூத உணவு விதிகளைக் கடைப்பிடிக்கும் சமையலறைப் பாத்திரம் வெளியே போய் வந்தால் அவருக்குச் சிக்கல் என்பது ஒரு காரணம். ஆனால் இந்த ஜனங்கள் பாத்திரத்தைப் பற்றி ரொம்ப நாளாக யோசித்துவந்தவர்கள். ஒரு காலத்தில் சாவு வீட்டுக்கு உணவு கொண்டுபோகும்போது பணக்காரர்கள் வெள்ளிக் கூடையிலும் பொன் கூடையிலும், ஏழைகள் தோல் உரித்த வில்லோ மரக் குச்சியில் பின்னிய கூடையிலும் கொண்டுபோனார்களாம். ஏழைகள் கூசினார்கள். அன்றிலிருந்து எல்லாரும் குச்சிக் கூடையில்தான் கொண்டுபோக வேண்டும் என்று விதி வந்தது.

மார் உக்வா கதையையும் சொல்லிவிடுகிறேன், வேலையில் இருக்கும்போது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது. பாபிலோனியாவில் இருந்த அவர், பக்கத்தில் ஓர் ஏழை வீட்டுக் கதவுக் குடுமிக் குழியில் தினமும் நான்கு காசு போட்டுவிட்டுப் போவார். யார் போடுகிறார்கள் என்று பார்த்தே தீருவது என ஒருநாள் அந்த ஏழை காத்திருந்தார். அன்றைக்கு மார் உக்வாவோடு அவர் மனைவியும் இருந்தார். கதவு அசைந்ததும் இருவரும் ஓட்டம் பிடித்து, அப்போதுதான் நெருப்பை வாரியெடுத்திருந்த ஒரு சூளைக்குள் புகுந்துகொண்டார்கள். மார் உக்வாவின் கால் சுட்டது, மனைவியின் கால் சுடவில்லை. "உன் காலைத் தூக்கி என் கால்மேல் வை" என்றார் மனைவி. தனக்கில்லாத புண்ணியம் இவளுக்கு எப்படி என்று இவருக்கு மனவருத்தம். அந்த அம்மா சொன்ன பதில்: "நான் வீட்டில் இருக்கிறவள், நான் கொடுப்பது கைக்கு வந்ததும் உதவும்." இவர் காசு கொடுத்தார், வாங்கியவர் இனிமேல்தான் கடைக்குப் போக வேண்டும். அவர் கொடுத்தது சாப்பாடு. நான்கு காசுக்காகச் சூளைக்குள் எதற்குப் போனார்கள்? ஒருவரை நாலு பேர் முன்னால் வெட்கப்பட வைப்பதைவிட அது மேல் என்று தால்முது அந்த இடத்திலேயே சொல்கிறது.

இந்த ஊரில் எல்லாரும் எப்போதும் இப்படி நடந்துகொண்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பக்கம் போனால் புரூன் தெருவில் ஒரு கட்டடத்தைப் பாருங்கள். முகப்பில் கொட்டை எழுத்தில் 'யூத ஏழைகளுக்கான சூப் கூடம்' என்று இருக்கும். வாசலுக்கு மேல் ஒரு சூப் கிண்ணச் சிற்பம். 1902 என்ற வருடமும் 5662 என்ற எபிரேய வருடமும் பொறித்திருக்கும். உள்ளே போக ஒரு வாசல், வெளியே வர ஒன்று. ரஷ்யப் பேரரசிலிருந்து தப்பி வந்த குடும்பங்கள் கிண்ணத்தோடு வரிசையில் நின்ற இடம். 1992வரை நடந்தது, இப்போது அடுக்குமாடி வீடுகள். பல்லாயிரம் பேருக்குச் சோறு போட்ட இடத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் தெருவே படிக்கும்படி எழுதிய அந்தப் பலகைக்குக் கீழே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நுழைவது எப்படி இருந்திருக்கும்? இன்றைக்கும் முழுக்க மாறவில்லை. ஒரு யூதப் பெண்மணி என்னிடம் குரலைத் தாழ்த்தி, குளியல் நாற்காலியை நகரின் அந்தப் பக்கத்திலிருந்து வாங்கித் தர முடியுமா என்று கேட்டார். பக்கத்துத் தெரு கெமாக் நடத்துபவர் தன் சம்பந்தி வீட்டுக்கு வேண்டியவராம். ஊரே சொந்தமாக இருப்பதில் இந்தத் தலைவலியும் உண்டு. அதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அத்தையின் சந்தேகத்துக்கு நேர் பதில்: பயப்பட ஒன்றுமில்லை. யூதர்கள் ஆள் சேர்ப்பதில்லை. நீங்களாகப் போய்ச் சேர்கிறேன் என்றாலும் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், வருடக்கணக்கில் படிக்க வைப்பார்கள். யூதரல்லாத உங்களுக்கு ஏன் செய்தார் என்றால் அதற்கும் பழைய விதி இருக்கிறது. பிற இனத்து ஏழைகளையும் தம் ஏழைகளோடு சேர்த்துத் தாங்க வேண்டும், அவர்கள் நோயாளிகளையும் போய்ப் பார்க்க வேண்டும், அவர்கள் இறந்தவர்களையும் அடக்கம் செய்ய வேண்டும், சமாதானத்தின் வழிக்காக என்று. அப்புறம், விதியெல்லாம் பார்த்தா அந்த அம்மா சாலையைக் கடந்து வந்திருப்பார்? கால் உடைந்தவரைப் பார்த்தார், வந்தார். அத்தையிடம் இதை மட்டும் சொன்னால் போதும்.

இனி என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

நாற்காலி தேவைப்படாத நாளிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இருக்கட்டும் பிறகு பார்க்கலாம் என்று மாடிப்படி அடியில் மடக்கி வைத்து மூன்று மாதம் கழித்துக் கொண்டுபோவதுதான் கெமாக்காரர்கள் எல்லாரும் புலம்புவது. சக்கரத்தில் சுற்றிய முடியை எடுத்து, கைப்பிடியைத் துடைத்து, காற்றுச் சக்கரமாக இருந்தால் காற்றடித்து, போன் செய்துவிட்டுப் போங்கள். முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இது இங்கேயே இருக்கட்டும், அடுத்தவருக்குப் பயன்படட்டும்" என்று சொல்லலாம். இதை வாங்கிக்கொள்வார்கள், ஏனென்றால் இது அவர்களுக்கு வரும் கூலி இல்லை. மேற்கொண்டு கொடுக்க ஆசை இருந்தால் 18 அல்லது 36 பவுண்டாகக் கொடுங்கள். எபிரேயத்தில் எழுத்துக்கு எண் மதிப்பு உண்டு, 'உயிர்' என்ற சொல்லின் இரண்டு எழுத்தும் சேர்ந்தால் 18. நாம் 101, 501 என்று எழுதுவதில்லையா, அந்த மாதிரி. அந்த கெமாக் பதிவு பெற்ற அறக்கட்டளையின் கீழ் இருந்து, நீங்கள் இங்கே வரி கட்டுபவர்களாகவும் இருந்தால், கிஃப்ட் எய்ட் படிவம் கேளுங்கள். ஒரு பவுண்டுக்கு 25 பென்ஸ் அரசு சேர்த்துக் கொடுக்கும்.

எதிர்வீட்டம்மாவுக்குப் பணம் வேண்டவே வேண்டாம். கேசரியும் வேண்டாம். சைவமே ஆனாலும் நம் வாணலியில் கிளறியதை கோஷர் கடைப்பிடிக்கும் வீட்டில் சாப்பிட மாட்டார்கள். வாங்கிக்கொண்டது உங்கள் முகத்துக்காக. வெட்டாத முழுப் பழங்கள், கோஷர் முத்திரை உள்ள பிரிக்காத சாக்லேட் பெட்டி, பூங்கொத்து, தொட்டிச் செடி எதுவும் நன்றாக இருக்கும். ஓர் அட்டையில் உங்கள் கணவரே கைப்பட நாலு வரி எழுதட்டும், அவர் கோபம் அதிலேயே பாதி இறங்கிவிடும்.

இன்னொன்று. கடிதத்தின் கடைசியில், குளிக்கும்போது உட்கார 30 பவுண்டுக்கு ஒரு ஸ்டூல் வாங்கியதாகவும், அது இனி வீண் என்றும் எழுதியிருந்தீர்கள். அதைக் கழுவிக் காயவைத்து நாற்காலியோடு சேர்த்துக் கொண்டுபோங்கள். இப்படி வந்து சேர்ந்த பொருட்களால்தான் அந்தக் கொட்டகையே நிறைந்திருக்கும். நோட்டில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் 'திரும்பியது' என்று அடித்துவிட்டு, கீழே புதிதாக 'ஸ்டூல், 1' என்று எழுதுவார்கள்.

வியாழக்கிழமைக்குள் போய்விட்டு வந்துவிடுங்கள். வெள்ளி மதியத்துக்கு மேல் அந்த வீடுகளில் யாருக்கும் அடுப்படியை விட்டு நகர நேரம் இருக்காது.